அண்ணி வளைகாப்புக்கு ஒரு வோகோடர்

19 ஜனவரி 2026, திங்கள்

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது, காற்றும் கரகரப்புமாக. பாட்டு வரவில்லை. இந்த ஊரில் எந்த வளைகாப்பு என்றாலும் என்னைத்தான் பாடக் கூப்பிடுவார்கள். இப்போது சொந்த அண்ணிக்கே வளைகாப்பு, பிப்ரவரி ஆறாம் தேதி. அண்ணி ஒரே பிடிவாதம்: "நீ பாடலன்னா பாட்டே வாணாம் செல்வி. வேற யாரும் பாடக் கூடாது."

எதை வைத்துப் பாடுவது?

வோகோடர் என்று ஒன்று இருக்கிறதாம். ராகத்தை விரல் கொடுக்கும், வார்த்தையை வாய் கொடுக்கும், இரண்டையும் சேர்த்து போன் பாடும். கீபோர்டு எனக்குக் கொஞ்சம் தெரியும். தேடிப் பார்ப்போம்.

21 ஜனவரி

ஒரு வோகோடர் ஆப்பில் 'இலவசம்' என்று போட்டிருந்தது. திறந்தால் மூன்று நாள்தான் இலவசமாம், அப்புறம் வாராவாரம் பணம். வாராவாரமா! பால்காரர்கூட மாதம் ஒருமுறைதான் கேட்கிறார்.

24 ஜனவரி

ஒரு ஆப்பில் சத்தம் பிரமாதம், ஆனால் திரையில் கீபோர்டுக் கட்டையைத் தொட்டதும் ரம்மி விளம்பரம். இன்னொன்று ஐபோனில் மட்டும். இன்னொன்றில் எல்லாம் திறந்திருக்கிறது, வோகோடருக்கு மட்டும் பூட்டுப் படம். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

26 ஜனவரி

கட்டையை அழுத்தினால் சத்தம் ஆடி அசைந்து வருகிறது. மூன்று ஆப்பைத் திட்டித் திட்டி அழித்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி என் ப்ளூடூத் இயர்போன். ஒயர் இயர்போன் போட்டதும் சரியாகிவிட்டது. என்னை என்ன சொல்ல!

29 ஜனவரி

ஒரே தடவை பணம் கட்டினால் போதும் என்கிற ஆப் கிடைத்தது. இரண்டு பேர் நாஷ்டா சாப்பிடுகிற காசு. வாங்கிவிட்டேன். பாடினேன். கொழகொழவென்று ஏதோ வந்தது, ஒரு வார்த்தை விளங்கவில்லை. இன்னும் பலமாக, இன்னும் பலமாக — எட்டிப் பார்த்த எதிர்வீட்டு மோகன் அண்ணன், "இன்னா செல்வி, போன்ல பேய் ஓட்டிக்கினு கீறியா?" என்றார்.

31 ஜனவரி

இன்று பேச்சும் போயிற்று. இருமல். கத்தக் கூடாது என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டாரே. இன்னாத்துக்கு எனக்கு இந்த வேலை? அண்ணிகிட்ட முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதான்.

2 பிப்ரவரி

ஆப்பை அழிக்கத்தான் எடுத்தேன். ஒரு விரல் கட்டை மேல் இருந்தது. "ஒழிஞ்சி போ, எழவெடுத்த ஆப்பே" என்று முணுமுணுத்தேன். குரல் இல்லை, வெறும் காற்று. இயர்போனில் அந்தத் திட்டு பாட்டாகக் கேட்டது! எழுத்து எழுத்தாக, சுத்தமாக.

அதற்குக் குரலே வேண்டாம். ராகம்தான் விரலில் இருக்கிறதே. கத்தினதுதான் தப்பு. மறுபடியும் திட்டினேன், மறுபடியும் பாடியது. அழுதுவிட்டேன்.

4 பிப்ரவரி

ஒத்திகை. புதுத் தலைவலி. கிசுகிசுப்பது கேட்க மைக்கைக் கூட்டினால், அது எல்லாவற்றையும் பிடிக்கிறது. மிக்சி பாடுகிறது, பக்கத்து வீட்டுச் சண்டை பாடுகிறது. வளைகாப்பு வீட்டில் அத்தனை பெண்கள். விளங்கின மாதிரிதான்.

6 பிப்ரவரி, வெள்ளி

நினைத்த மாதிரியே ஆயிற்று. கட்டையில் விரல் வைத்ததுதான், நான் வாயைத் திறக்கும் முன்பே ஸ்பீக்கரில் கூடத்துப் பேச்செல்லாம் பாடியது. எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பும் பாடியது. ஒயரைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது.

"ஏ, சும்மா இருங்க எல்லாரும். செல்வி பாடப் போவுது," என்றார் அண்ணி.

பேச்சு அடங்கியது. குழந்தைகளை வெளியே அனுப்பினார்கள். ஃபேனை நிறுத்தினார்கள். அப்புறமும் ஒரு கிணுகிணுப்பு மட்டும் நிற்கவில்லை. அண்ணியின் கைகள்தான், முழங்கை வரை வளையல். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். இரண்டு கைகளையும் வயிற்றோடு சேர்த்து அழுத்தி, ஒரு வளையலும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

நான் பாடி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.