ஐந்து நாள் மாத்திரை

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டுப் போக இந்தத் தடவை கை வரவில்லை. நான் நலம். அப்பா இருக்கிறார், சாப்பிடுகிறார், என்னைக் கிண்டல் பண்ணுகிறார். நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்கு இருமல் நிஜமாகவே நின்றதா, இல்லை நான் கவலைப்படுவேன் என்று நின்றுவிட்டதாகச் சொன்னீர்களா? எல்லாம் நல்லா இருக்கும்மா என்று நீ சொல்லும்போதுதான் எனக்குச் சந்தேகமே வரும். போனிலேயே பேசலாம், ஆனால் இருப்பது இரண்டே அறை, நான் போனை எடுத்தாலே உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். இப்போது தலையில் ஆபரேஷன் தழும்பைச் சுற்றி முளைத்த முடியை வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். துணைக்கு மாடி வீட்டுக்காரர். அந்த மனிதரையும் நான் முழுசாக நம்பவில்லை, தலைக்கு நல்லது என்று ஏதோ பொடியை அப்பாவின் சட்டைப் பையில் திணித்தவர்தானே. ஆனாலும் ஒரு மணி நேரம் கிடைத்ததே என்று அனுப்பிவைத்தேன்.

முதலில் உன்னைத்தான் கேட்க வேண்டும். டாக்டரம்மா உன்னோடு போனில் இருபது நிமிஷம் பேசினாராம், அவரே வாய் தவறிச் சொன்னார். நீ எனக்குச் சொன்னதோ ஒரே வரி, இன்னொரு ஸ்கேன் எடுக்கணுமாம்மா, வேற ஒண்ணுமில்லே என்று. மீதி நிமிஷமெல்லாம் எங்கேடா போச்சு? முப்பத்தோரு வருஷம் முத்திரை ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி, தராசையும் எடைக்கல்லையும் சோதித்துப் பார்த்தவளிடம் இந்த வேலையெல்லாம் செல்லாது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததோடு ஒத்துப்போகிறதா பார்த்துக்கொள்.

அப்பாவின் தலையில் இருந்தது கெட்ட கட்டி, அதைப் பூராவும் எடுக்க முடியவில்லை, மிச்சத்துக்கு ஆறு வாரம் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். அதுவரை நீயே கூட இருந்தாய். அது முடிந்து இரண்டு மாதம் கழித்து வழக்கமான ஸ்கேன் எடுத்தார்கள். அறுத்த இடத்தில் நகக்கண் அளவுக்கு இருந்த வெள்ளை, எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்தது. சுற்றிலும் வீக்கம் வேறு. கட்டி திரும்ப வளர்ந்தாலும் இப்படித்தான் தெரியும், கதிர் பட்டு வெந்த இடம் வீங்கினாலும் இப்படித்தான் தெரியும், சாதாரண ஸ்கேன்ல பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா என்றார் டாக்டரம்மா. அதனால் அதே மெஷினில் வேறு விதமாக எடுக்க வேண்டுமாம். அந்த இடத்துக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று ஒன்று, அதற்குள் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று ஒன்று, தண்ணீர் எப்படி அசைகிறது என்று ஒன்று. கட்டி பேராசைக்காரன், புதுசு புதுசாகக் குழாய் போட்டு ரத்தத்தை இழுக்கும். வெந்த இடம் சும்மா கிடக்கும். இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. அதே அறை, அதே மெஷின், போன தடவை தெரியாதது இந்தத் தடவை எப்படித் தெரியும்? ஆய்வாளர் வந்தால் எடுக்க ஒரு கல், வாடிக்கையாளர் வந்தால் எடுக்க ஒரு கல் என்று வைத்திருந்த கடைகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன். மெஷின் ஓட்டுகிற பெண்ணிடம் நேராகவே போய், இதை யார் சோதிக்கிறார்கள், ஏட்டைக் காட்டு என்று கேட்டேன். உன் அப்பா, இவ இப்படித்தான், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க என்று மானத்தை வாங்கினார். அந்தப் பெண் கோபப்படவில்லை. தினமும் காலையில் ஆளைப் படுக்கவைக்கும் முன்னால் தண்ணீர் அடைத்த ஓர் உருண்டையை உள்ளே வைத்துப் படம் எடுத்துச் சரிபார்ப்பார்களாம், ஏட்டையும் காட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து விட்டுப்போயிருந்தது, சுட்டிக்காட்டினேன். பாவம், முகம் சிவந்துவிட்டது. மற்றபடி ஏடு சுத்தம். மெஷினில் பிசகு இல்லை.

பிசகு என்னிடம்தான் இருந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு சுற்றிவிட்டேன்.

அந்த வழக்கமான ஸ்கேனுக்கு முன்னால் ஐந்து நாள், அப்பாவுக்கு வீக்கத்துக்கான மாத்திரையை நான் கொடுக்கவில்லை. அந்த மாத்திரை உள்ளே இருப்பதை அமுக்கி வைக்கும் என்று மருந்துக்கடைக்காரர் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். அமுக்கி வைத்தால் ஸ்கேன் எப்படி உண்மையைச் சொல்லும்? தட்டில் கிடப்பதையெல்லாம் இறக்கி, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் எடை போட வேண்டும், நான் கற்ற தொழில் அது. டாக்டர் மாத்திரையைக் கொடுத்துப் படத்தை நன்றாகக் காட்டி நம்மை ஏமாற்றுகிறாரோ என்றுகூட நினைத்தேன். கேட்டால் மழுப்புவார்கள் என்று கேட்கவும் இல்லை. அதே அளவில் வெள்ளையாக இருந்த சத்து மாத்திரையை அப்பாவின் உள்ளங்கையில் வைத்தேன், வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மூன்றாம் நாள் இடது காலை இழுத்து நடந்தார், சாப்பாடு வேண்டாம் என்றார். நோய்தான் முற்றுகிறது, மாத்திரை இத்தனை நாளாக மறைத்திருக்கிறது என்று நான் பெரிய துப்பறிந்தவள் மாதிரி இருந்தேன். ஸ்கேன் முடிந்ததும் பழைய மாத்திரையைக் கொடுத்தேன், இரண்டு நாளில் கால் சரியானது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பார்.

படத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி, மாத்திரையெல்லாம் அப்படியேதானே போகுது என்று. ஆமாம், நடுவில் சில நாள் மட்டும் இடது காலை இழுத்தார் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த உன் அப்பாவும் தலையாட்டினார்.

பிறகுதான் புது ஸ்கேன்கள் எடுத்தார்கள். ரத்தம் அந்த இடத்துக்கு அதிகம் போகவில்லை, அது நல்ல செய்தி. ரசாயனக் கணக்கு இப்படியும் இல்லை அப்படியும் இல்லை. டாக்டரம்மா பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே சொன்னார், ரத்த ஓட்டத்தைப் பாத்தா வெந்த இடம்னுதான் தோணுது, ஆனா மருந்து மாறாம இருக்கும்போதே வீக்கம் ஏறிக் காலையும் இழுத்திருக்கே, அதுதான் எனக்கு இடிக்குது, வியாழக்கிழமை எல்லா டாக்டரும் உக்காந்து பேசுறோம், மறுபடி மண்டையைத் திறந்து பாத்துடலாம்னு சர்ஜன் சொல்றார் என்று. அவருக்கு இடித்தது என் பொய்டா. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவனைப் பிடித்துக் கோர்ட் வாசலில் நிறுத்தியவள் நான், என்னை யார் பிடிப்பது? சொன்னால் மாத்திரைப் பெட்டியை என்னிடமிருந்து வாங்கிவிடுவார்கள், நீ என்னோடு பேசமாட்டாய், அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

புதன்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், அவர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு என்னை நேராகப் பார்த்து, அந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா, இனிமே சந்தேகம் வந்தா மாத்திரைகிட்ட போகாதீங்க, எங்கிட்ட வாங்க என்றார். மறுநாள் கூடிப் பேசிவிட்டு, இப்போது திறக்க வேண்டாம், மாத்திரை அளவை மாற்றாமல் ஆறு வாரம் கழித்து எல்லா ஸ்கேனையும் மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கட்டி இல்லை என்று யாரும் சொல்லவில்லை, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இன்னும் ஒன்று இருக்கிறது. புதன்கிழமை திரும்பி வரும்போது அப்பா வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். லாரி ஓட்டின காலத்தில் வழியில் கைகாட்டினவனையெல்லாம் ஏற்றிக்கொண்டவர், யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன், அதனால் ஏமாந்துவிட்டோமே என்று வருத்தம் போல என்று நினைத்தேன். வீட்டுப் படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறும்போதுதான் சொன்னார். மாத்திரை மாறினது மொத நாளே தெரியும், அது கசக்கும், நீ குடுத்தது கசக்கலே என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். இனிமே மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்லேன்னு டாக்டர் உங்கிட்ட சொல்லிட்டாங்க, அதை எங்கிட்ட சொல்ல முடியாம நீ தவிக்கிறேன்னு நெனச்சேன், கேட்டா நீ அழுவியேன்னு முழுங்கிட்டேன் என்றார்.

ஐந்து நாளும் சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே அந்த மாத்திரையை என் கையிலிருந்து வாங்கி விழுங்கியிருக்கிறார். காலை இழுத்துக்கொண்டு எழுந்து வந்து எனக்கு டீயும் போட்டுக் கொடுத்தார்.

நீ என்னைத் திட்டலாம், போனில் திட்டாதே, எழுதித் திட்டு. நீயும் மருமகளும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னிடம் எதுவும் கேட்காமல் நேராக அப்பாவிடம் கொடுக்கச் சொல், அவர் பயப்பட்டதை உன்னிடமாவது சொல்லட்டும். டாக்டரம்மா உன்னிடமும் ஆறு வாரம் கழித்து ஸ்கேன் என்றுதான் சொன்னாரா என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
மாத்திரைப் பெட்டியை இப்போது அப்பாவிடமே கொடுத்துவிட்ட
உன் அம்மா