நாற்பத்தொன்றாம் படம்

இன்று காலை மெஷினில் பொருத்த வந்த புதுத் திரையைப் பிரித்து, கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். தமிழில் தட்டியதைத் தானே கோத்துக் காட்டியது. கொம்பு முன்னால், கால் பின்னால், புள்ளி தலைமேல். "இதுல என்ன சார் அதிசயம்?" என்றாள் பக்கத்து மேசைப் பெண். இது அன்றைக்கே வந்திருந்தால் நீ இருந்திருப்பாய்.

தகடு அழுத்தும் நம் பழைய பிரஸ் மெஷின் திரையில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் ஏறும். கன்னடம் அதைவிட மோசம். ஆங்கிலமே போதும் என்றார் மேனேஜர். "கைய உள்ள உடறவன் படிக்க வேணாமா சார்?" என்று கேட்டது நீ ஒருவன்தான். ஒவ்வொரு எச்சரிக்கை வரியையும் இரண்டு மொழியிலும் எழுதி, அப்படியே படமாக்கி, எண் போட்டு ஏற்றினாய். "புதுசு வந்தா கடைசில சேத்துடு. நடுவுல சொருகுனா எல்லாம் ஒரு நம்பர் தள்ளிக்கும்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாய்.

மகள் காதுகுத்துக்கு நீ தேன்கனிக்கோட்டை போயிருந்த வாரம் புது எச்சரிக்கை ஒன்று வந்தது. பட்டியல் ஒழுங்காக இருக்கட்டுமென்று நான் அதை நடுவில் சொருகினேன். ஆங்கில வரிகள் கூடவே நகர்ந்தன. உன் படங்கள் பழைய எண்ணிலேயே நின்றன. தமிழனான நான் ஆங்கிலத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பிரஸ் இறங்கிக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தொன்றாம் படம் 'கதவைத் திறக்கலாம்' என்றது. நம்பித் திறந்தவருக்கு இரண்டு விரல் போயிற்று.

விசாரணையில் மேனேஜர் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் படமெல்லாம் போட்டது யாரு?" நீ என்னைப் பார்த்தாய். நான் மேசையிலிருந்த தாளைப் பார்த்தேன். அன்று மாலையே உன் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். "உடு, பாத்துக்கலாம்" என்றாய் கம்பெனி கேட்டில். என்னத்தைப் பார்த்தாய் நீ? எந்தக் கம்பெனியும் உன்னை எடுக்கவில்லை. மூக்கண்டப்பள்ளியில் ஸ்கூல் வேன் ஓட்டினாய். ஒரு நாள் வேனைக் கழுவும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை.

கருமாதி அன்று உன் மனைவி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "அண்ணா, நெசமாவே அது அவரு பண்ண தப்புதானா? புள்ள கேக்குது."

எனக்கு அப்போதுதான் பதவி உயர்வு வந்திருந்தது. "போனவரப் பத்தி இப்ப எதுக்கும்மா" என்றேன்.

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். அதற்குப் பிறகு நான் உங்கள் தெருப் பக்கம் போனதில்லை. உன் வீட்டில் இன்றும் அந்த விரல்களை எடுத்தவன் நீதான்.