முடி நிக்குதா பாரு

நேற்று தேனியிலிருந்து கம்பம் திரும்பும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. பங்குனி வெயிலில் கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது. பக்கத்தில் இருந்தவர் சளிக்காய்ச்சல் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார். எனக்கு உங்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

நானும் காய்ச்சல் என்றுதான் உங்களுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வளைவுகளில் ஜீப் ஓட்டி உங்கள் இடுப்பு போயிருந்தது. வலிக்கென்று போட்ட மாத்திரை உங்களைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரியாது. கடையில் அது கிடைக்காத அன்றுதான் குட்டு வெளிப்பட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்த்தார். வயிறு போகிறதா, எலும்பு வலிக்கிறதா என்று கேட்டார். மாத்திரையை விடுவதற்கென்று நாக்குக்கு அடியில் வைக்கும் மருந்து மேஜையிலேயே இருந்தும் கொடுக்கவில்லை. நீங்கள் கட்டிலில் சுருண்டு கிடந்தீர்கள். நான் சண்டைக்கே போய்விட்டேன்.

"பழைய மாத்திரை ஒடம்புல மிச்சம் இருக்கும்மா. இப்பக் குடுத்தா வேதனை கூடிரும். கையில முடி நல்லா நிக்கட்டும், கண்ணு பாப்பா விரியட்டும், அப்பத் தரேன்" என்றார்.

புருஷனுக்கு இன்னும் கொஞ்சம் முடியாமல் போகட்டும் என்று காத்துக் கிடந்த பெண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திய பிறகும் உங்களுக்குக் கை முடியைப் பார்க்கச் சொல்லும் பழக்கம் போகவில்லை. காலையில் காப்பி வாங்கும்போதே கையை நீட்டுவீர்கள்.

"முடி நிக்குதா பாரு புள்ள."

தடவிப் பார்த்து, படுத்திருக்கிறது என்பேன். அப்புறம் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்ப்பேன். மாத்திரை போட்டிருந்தால் பாப்பா கடுகாகச் சுருங்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நீங்கள் என்னைப் போலீஸ்காரி என்று கேலி செய்வீர்கள். எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

ஒரு நாள் ஜீப்பை நிறுத்தி இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள், அதோடு போய்விட்டீர்கள். கேதத்துக்கு வந்தவர்கள் வாசலில் பேசியது உள்ளே எனக்குக் கேட்டது.

"மறுபடி மாத்திரையப் போட்டுட்டாக போல."

உங்கள் தங்கச்சியும் தலையாட்டினாள். இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சரி சரி என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்கள். பாவம் என்று பார்த்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று காலையும் பார்த்தேனே. முடி படுத்திருந்தது. கண்ணில் பாப்பா எப்போதும்போல இருந்தது, அதில் என் முகம்கூடத் தெரிந்தது.

பஸ்ஸில் அந்த மனிதரிடம், இது காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். திரும்பி முறைத்துவிட்டுச் சின்னமனூரில் இறங்கிப் போய்விட்டார்.

இப்போது வீட்டில் காப்பி ஒரு டம்ளர்தான். அதை எடுத்துக்கொண்டு அதே சன்னலில் போய் நிற்கிறேன். நீங்கள் அன்று எதையும் போடவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்தி. எனக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை.