மருந்து நின்ற இடம்

அக்கா,

இன்று காலை ஆய்வகத்தின் குளிர்பெட்டியைத் திறந்ததும், திசுக்களைப் பதப்படுத்தும் திரவத்தின் நெடி மூக்கில் ஏறியது. "இந்த நெடி சோத்துலயும் வருது அம்மணி" என்று டிபன் பாக்ஸை நீங்கள் மூடிவைத்த மதியங்கள் நினைவுக்கு வந்தன. கூடவே, உங்கள் படங்களைப் பொருத்திய மதியத்தின் பயமும் வந்தது.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் உங்களுடையது. செல்லின் சவ்வும் உள்ளறைகளும் அதில் துல்லியமாகத் தெரியும். ஆனால் மருந்து எங்கே இருக்கிறதென்று அது காட்டாது. என் கருவி மருந்து சேர்ந்த இடத்தை நிறத்தில் காட்டும், உருவம்தான் மங்கல். ஒரே திசுவின் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால்தான், புற்றுநோய் மருந்து செல்லுக்குள் போனதா என்று சொல்ல முடியும். அந்த வேலைக்குத்தான் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

பிறகு உங்கள் மார்பிலேயே கட்டி வந்தது. கீமோ கொடுத்துச் சுருக்கப் பார்த்து, அறுவை சிகிச்சை செய்தார்கள். எடுத்த கட்டியில் ஒரு துணுக்கை நம் ஆய்வுக்கே கொடுத்தீர்கள். பெயர் மறைத்துத்தான் வைக்க வேண்டும் என்றார் நம் குழுத் தலைவர். "என்னுது எதுன்னு நானே தெரிஞ்சுக்கோணுமுங்க" என்று பிடிவாதமாகக் கேட்டு ஒப்புதல் வாங்கினீர்கள்.

தலையில் துண்டு கட்டியபடி வந்து, உங்கள் செல்களை நீங்களே படம் எடுத்தீர்கள். எப்படி முடிந்தது அக்கா? நான் அந்த அறைக்குள் வரவே அஞ்சினேன்.

இரண்டு படங்களையும் பொருத்திப் பார்த்த மதியம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திரையில் மருந்தின் மஞ்சள் நிறம் ரத்தக் குழாயை ஒட்டிக் கசிந்து, செல்களின் விளிம்பில் நின்றிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. படத்தை இம்மி நகர்த்தினால் மஞ்சள் உள்ளே போய்விடும். என் விரல் மவுஸின் மேல் இருந்தது.

நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"நகத்தாத கண்ணு."

"பொருத்தினதுல பிசகு இருக்கலாமுங்க்கா."

"இருந்தா அடையாளப் புள்ளிக சொல்லும். பாரு."

பார்த்தேன். இரண்டு படங்களிலும் பொதுவாகக் குறித்திருந்த எல்லாப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தன. நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டீர்கள், "எனக்குப் பயமா இருக்கு. நீ கொஞ்ச நேரம் இங்கயே இருப்பியா?" அதுவரை உங்கள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

ஒரு துணுக்கை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது என்றுதான் உங்கள் டாக்டரும் சொன்னார். கட்டி சுருங்காததால் வேறு மருந்துக்கு மாற்ற அவர் ஏற்கெனவே யோசித்திருந்தார், மாற்றினார். கொஞ்ச மாதங்கள் நன்றாக இருந்தீர்கள். பிறகு ஈரலுக்குப் பரவிவிட்டது.

நீங்கள் போன பிறகு, துடியலூரிலிருந்து உங்கள் வீட்டுக்கார அண்ணன் ஆய்வகத்துக்கு வந்தார். "அவ எடுத்த படம் இருக்குன்னு சொன்னாளுங்க. பாக்கலாமுங்களா?" மருந்து எங்கே என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். காட்டினேன்.

"இதுல அவ எதுங்க?"

"எல்லாமே அக்காதானுங்கண்ணா."

வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கறா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

பெயரில்லாத துணுக்குகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவற்றை வெறும் எண்ணாக இனி என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு படங்களும் நகர்ந்து வந்து ஒன்றாகும் அந்த நொடியில் இன்னும் பயமாக இருக்கிறது. பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. ஆனால் இம்மியும் நகர்த்தாமல்தான் படத்தைச் சேமிக்கிறேன், அக்கா.