பதினொரு பெட்டிக்கு ஒரு சாவி

பிப்ரவரி 3, திங்கள்

ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர் காலையிலிருந்து திறக்கவில்லை. நீலத் திரை வந்து அப்படியே நிற்கிறது. மதியத்துக்குள் இன்னும் மூன்று. யாரோ வைரஸ் பிடித்த ஒரு பென் டிரைவைப் பெட்டி பெட்டியாகச் செருகிக்கொண்டே போயிருக்கிறார்கள். யார் என்று கேட்டால் எல்லார் கையும் முதுகுக்குப் பின்னால் போகிறது. ரத்தப் பரிசோதனை நிலையம் என்று பெயர், ஆளுக்கொரு கையுறை வேறு. தொற்று எந்த வழியாக வந்தது பாருங்கள்.

ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, ரிப்போர்ட் எல்லாம் போயிடுச்சா?" போகவில்லை. தினமும் சாயங்காலம் தனி டிஸ்க்கில் எடுத்து வைப்பது நான். பதினான்கு வருஷத்தில் இந்த ஆபீசுக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது.

பிப்ரவரி 5, புதன்

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்தார். எதைக் கேட்டாலும் "ஒரு ரீஸ்டார்ட் போட்டுப் பாருங்க" என்பார், அதனால் எங்களுக்கு அவர் ரீஸ்டார்ட். இன்று அந்த வார்த்தையே அவர் வாயில் வரவில்லை.

"பதினொண்ணையும் வழிச்சுத் தொடச்சுட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்த மறுபடி போடணும் அச்சு சார்." என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் இங்கே நான் அச்சு.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்குமாம். அதில் இருபத்தைந்து எழுத்தில் ஒரு சாவி. "அது அந்தப் பெட்டிக்குன்னு வாங்கினது. சட்டப்படி அதே பெட்டியில எத்தன தடவ வேணா போட்டுக்கலாம், ஒருத்தன் ஒண்ணும் கேக்க முடியாது" என்றபடி ஆறாம் நம்பரைத் திருப்பினார். ஸ்டிக்கர் இருந்தது. எழுத்து இல்லை. ஓரத்துப் பளபளப்பு மட்டும் மின்னியது. அடுத்த பெட்டியும் அப்படியே. பதினொன்றும் அப்படியே.

"யாரு சார் இதைப் போட்டு இப்படித் தேச்சது?"

நான்தான். சனிக்கிழமை தவறாமல், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, பெட்டிக்குப் பெட்டி. தூசி இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. அவரிடம் சொல்லவில்லை. "தெரியலையே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டது மெக்கானிக்தானே, நீதிபதியா?

பிப்ரவரி 6, வியாழன்

முதலாளியிடம் சொன்னேன். பெட்டிகள் வாங்கிய ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். மூடிப்போன ஏதோ ஆபீசிலிருந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தவை, ரசீதாவது ஒன்றாவது. அப்படியென்றால் அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான் சாட்சி.

"போன வருஷம் ஒரு டிஸ்க் வாங்கினோமே. அதையே எல்லாத்துலயும் போடச் சொல்லுங்க."

"அது ஒரு மெஷினுக்குத்தான் சார் செல்லும்."

"போட்டா ஓடாதா?"

"ஓடும் சார்."

"அப்புறம் என்ன?"

படி இறங்கிக்கொண்டே சொன்னார். கார் சாவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன், எதற்கு என்று தெரியவில்லை.

பிப்ரவரி 8, சனி

அரை நாள் வீண். சாவியை ரீஸ்டார்ட் ஒரு துண்டுச் சீட்டில் கிறுக்கி வைத்திருந்தார். அவருடைய B யும் 8 உம் இரட்டைப் பிள்ளைகள். எட்டு முறை அடித்து எட்டு முறையும் தப்பு. கடைசியில் டிஸ்க் டப்பாவை வாங்கி நானே ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன், ஏறிக்கொண்டது.

மூன்றாவது பெட்டியில் சாவி செல்லாது என்று அதுவே சொல்லிவிட்டது. ரீஸ்டார்ட் தன் பையிலிருந்து எதையோ எடுத்துப் போட்டார். "இது இருந்தா அது கேள்வியே கேக்காது சார்." என்னையும் யாரும் கேள்வி கேட்காதபடி ஏதாவது இருந்தால் போடச் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பதினொன்றும் முடிந்தது. இன்னொரு முறை இந்த B, 8 கூத்து வேண்டாம் என்று புதிய ரெஜிஸ்டர் ஒன்று போட்டேன். ஐந்து கட்டம்: பெட்டி எண், தேதி, எந்த டிஸ்க், சாவி, என் கையொப்பம். சாவியைப் பதினொரு முறை எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தால் நூல் பிடித்த மாதிரி B க்குக் கீழே B, 8 க்குக் கீழே 8. அடக்கமாட்டாமல் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எழுத்து கோழிக் கிறுக்கல். "கண்ணுல ஒத்திக்கலாம்பா" என்றாள்.

பிப்ரவரி 12, புதன்

புதிய தலைவலி. பழைய தமிழ் ஃபான்ட் போய்விட்டது. நோயாளிகளுக்கான அறிவிப்புகளைத் திறந்தால் கொக்கியும் வளையமுமாக என்னவோ வருகிறது. 'வெறும் வயிற்றில் வரவும்' என்பது ஏதோ சாபம் மாதிரி இருக்கிறது. அந்த ஃபான்ட் யாரிடம் வாங்கியது, எங்கே கிடைக்கும், யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் எடுத்து வைத்த நான் இதை எடுத்து வைக்கவில்லை.

பெரிய தாளில் பட்டைப் பேனாவால் ஆறு அறிவிப்பையும் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வந்தவர்களில் ஒருவர் பிரிண்ட் என்றே நினைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

குளிக்கும்போது இருபத்தைந்து எழுத்தும் தானாக வாயில் வருகிறது. கதவுக்கு வெளியிலிருந்து மனைவி, "யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" என்றாள்.

மார்ச் 12, புதன்

கோர்ட் உத்தரவோடு மூன்று பேர் வந்தார்கள். மென்பொருள் கம்பெனியின் வக்கீல் ஒருவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர் ஒருவர், எழுதிக்கொள்ள ஒருவர். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, மரியாதையாகத்தான், "உரிமம் சம்பந்தமா ஏதாவது பதிவு வச்சிருக்கீங்களா?" என்றார் வக்கீல்.

வைத்திருக்கிறோமே. நானே ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் கொடுத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். ஒரு பெட்டியைக்கூட அவர்கள் உடனே திறந்து பார்க்கவில்லை. "ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க" என்றார் வக்கீல். கிண்டல் இல்லை, நிஜமாகவே பாராட்டினார். அதுதான் தாங்கவில்லை.

ஸ்டிக்கர்களைக் கேட்டார்கள். காட்டினேன். எழுத்து இருந்திருந்தால் இந்தப் பெட்டிகளுக்கு இவ்வளவு பிரச்சினையே இல்லை என்றார் கம்ப்யூட்டர் தெரிந்தவர். தெரியும் ஐயா. எனக்குத் தெரியாதா?

மார்ச் 13, வியாழன்

முதலாளி அறைக்குள் தன் வக்கீலோடு காலை முழுக்க இருந்தார். கதவு திறந்து மூடும்போது காதில் விழுந்தது: "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் அவர்தான் பாத்துக்கிட்டார்."

படியில் சொன்னீங்களே சார். சாவியைச் சுத்திக்கிட்டே சொன்னீங்களே.

மார்ச் 15, சனி

இன்று பெட்டிகளைத் துடைக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

முதலாளி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினான்கு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இல்லை. டீ வந்தது.

"கம்பெனியோட சமரசமாப் போறோம் அச்சு சார். உங்க மேல கேஸ் எதுவும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. நிர்வாகத்துக்குத் தெரியாம நடந்ததுன்னு எழுத்துல ஒண்ணு மட்டும் வேணும்."

பிறகு, வேறு எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டவர் போல, "உங்க பாப்பாவுக்கு ஏப்ரல்ல வேலை நிரந்தரம் பண்ணணும். நல்ல பொண்ணு. ஊசி குத்தினதே தெரியலன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார்.

மிரட்டினார் என்று சொல்ல முடியாது. டீ ஆறிவிட்டது, அதையும் குடித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

முதலாளியின் வக்கீல் வாசகம் கொடுத்திருந்தார். 'மேற்படி கணினிகளில் இயங்குதளத்தை நிர்வாகத்தின் அனுமதியின்றி, என் சொந்தப் பொறுப்பில் மறுபடி நிறுவச் செய்தேன்.' இதை நான் என் கையால் எழுதித் தர வேண்டும்.

எழுதினேன். வேண்டுமென்றே கிறுக்கினேன். சொன்னவர் யாரோ, எழுதுகிறவனும் யாரோவாக இருக்கட்டுமே என்று தோன்றியது. சின்னப்பிள்ளைத்தனம்தான்.

முதலாளி அதை ரெஜிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது யாரு எழுத்து? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லையே. ரெஜிஸ்டர்ல இருக்கற மாதிரி எழுதுங்க சார். ரெண்டையும் வச்சு ஒப்பிட்டுப் பாப்பாங்க."

புதிய தாள் கொடுத்தார். அச்சு மாதிரி எழுதினேன். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

ஸ்டிக்கரைத் தேய்த்தவன் நான்தானே, அதனால் பாதி உண்மைதானே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். பாதி உண்மைக்கு முழுக் கையெழுத்து போட்டிருக்கேன். எதுக்குடா இப்படி நினைச்சு நினைச்சு மனசைத் தேத்திக்கறே?

மார்ச் 19, புதன்

வீட்டில் இவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "பொய்யைக்கூட அழகா எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்றாள். திட்டியிருக்கலாம்.

பாப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சரி என்றாள்.

மார்ச் 31, திங்கள்

வேலையில் எனக்குக் கடைசி நாள், அந்தத் தாளோடு ராஜினாமாவையும் வாங்கிக்கொண்டார்கள். ரீஸ்டார்ட் போன் செய்தார். அவரையும் கூப்பிட்டு விசாரித்தார்களாம். "உங்க பேரை நான் சொல்லல சார்" என்றார். சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் நான்தான் பதினொரு தடவை எழுதி வைத்திருக்கிறேனே.

ஏப்ரல் 2, புதன்

மகளுக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. உறையை மேஜை மேல் வைத்தாள். இவள் சந்தோஷப்பட்டு நெற்றியில் முத்தம் கொடுத்தாள். மகள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நீ எழுதிக் குடுத்தது சார் மேஜையில இருந்துச்சுப்பா. தூரத்துலேர்ந்தே உன் எழுத்துன்னு தெரிஞ்சுது. படிச்சேன்."

உறையை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

மே 9, வெள்ளி

ஒரு மாதத்துக்கு மேல் எதுவும் எழுதவில்லை. பேனாவை எடுத்தாலே அந்தத் தாள் ஞாபகம் வருகிறது.

லேபில் எல்லாம் முறைப்படி வாங்கிப் போட்டுவிட்டார்களாம், பெட்டிக்கு ஒன்றாகப் பதினொரு சாவி. தமிழ் ஃபான்ட்டும் வந்துவிட்டது. என் அறிவிப்புத் தாள்களைக் கிழித்து எடுத்துவிட்டு பிரிண்ட் ஒட்டியிருக்கிறார்கள். குப்பையில் கிடந்ததில் ஒன்றை மகள் கொண்டுவந்தாள். தாள் கெட்டியாக இருக்கிறதே என்று இவள் அதை அலமாரித் தட்டில் விரித்துவிட்டாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் 'வெறும் வயிற்றில் வரவும்'. ரொம்ப நாளைக்கு அப்புறம் மூன்று பேரும் சிரித்தோம்.

ஜூன் 16, திங்கள்

கம்ப்யூட்டர் பொறுப்பை மகளிடம் கொடுத்துவிட்டார் முதலாளி. "அப்பா பாத்துக்கிட்டதுதானேம்மா" என்றாராம். வேண்டாம்னு சொல்லிடு என்றேன். "சொன்னேன்பா. நிரந்தரம் ஆனவங்க எதையும் வேண்டாம்னு சொல்லக்கூடாதாம்."

இதற்காகவா எழுதிக் கொடுத்தேன்?

புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறதாம், பன்னிரண்டாவது. பழையதுதான். பக்கவாட்டில் ஸ்டிக்கரே இல்லை. "இப்போதைக்கு இருக்கற சாவியில ஒண்ணைப் போட்டு ஓட்டும்மா" என்று சொல்லியிருக்கிறார். படியில் இல்லை, இந்த முறை லிஃப்டில்.

ஜூன் 17, செவ்வாய்

மகள் ஒரு புதிய ரெஜிஸ்டர் வாங்கி வந்தாள். "கோடு மட்டும் போட்டுக் குடுப்பா. நான் போட்டா வளைஞ்சுடும்."

ஸ்கேலை எடுத்தேன். கோடு நேராகத்தான் விழுந்தது.

"ஆறு கட்டம் போடு" என்றாள்.

"அஞ்சுதானே? பெட்டி, தேதி, டிஸ்க், சாவி, கையொப்பம்."

"ஆறுப்பா."

ஆறு போட்டேன். தலைப்புகளை அவளே எழுதினாள், அதே கோழிக் கிறுக்கலில். ஆறாவது கட்டத்தில் என்ன எழுதினாள் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'சொன்னவர் கையொப்பம்.'

ஜூன் 24, செவ்வாய்

மகளிடம் இன்றும் கேட்டேன். ரெஜிஸ்டரைத் திறந்து முதலாளி மேஜை மேல் வைத்து ஒரு வாரம் ஆகிறதாம். ஒரு முறை பேனாவை எடுத்தாராம், அப்புறம் போன் வந்துவிட்டதாம். ஆறாவது கட்டம் இன்னும் காலி. பன்னிரண்டாவது பெட்டியை யாரும் திறக்கவில்லை, மகள் அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.