மெதுவடை உலகம்

1991, ஐப்பசி, ஞாயிறு இரவு.

மாடியில் குடியிருக்கும் கலாவும் அவள் கணவன் செல்வமும் டிவி கேமை வைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறார்கள். தோற்றவர் ஒரு மாதம் சமைக்க வேண்டும். அந்த மாய உலகின் வடக்கே பனி பெய்வது ஏன் என்பதே வழக்கு. துருவம் என்கிறாள் கலா. சூனியக்காரியின் சாபம் என்கிறான் செல்வம். பூகோளம் கற்பித்தவள் என்ற திமிரில் கலாவின் பக்கமே தீர்ப்பளித்தேன்.

செல்வம் தன் வீரனைப் பனிக்கு அப்பால் நடத்தினான். அவன் தெற்குக் கடற்கரையில் முளைத்தான்.

"வடக்க போனா தெக்க வருது, கெழக்க போனா மேக்க வருது. துருவம் எங்க கீது டீச்சரம்மா? மேப்புல மேலயும் கீழயும் ஒட்டி, ரெண்டு ஓரத்தையும் ஒட்டிப் பாரு. இது உருண்டை இல்ல, மெதுவடை."

"அப்போ ஷிப்டு முடிச்சு வந்து நான்தான் ஆக்கணுமா?" என்று கலா என்னை முறைத்தாள்.

காலையில் சொல்வதாகத் தப்பித்து வந்தேன். இப்போது மெதுவடைக்குப் பதில் வளையலைக் கழற்றி, விளக்கைச் சூரியனாக்கி, அதனடியில் சுழற்றிக்கொண்டிருக்கிறேன். உட்புறம் நிழல், துருவம் போலக் குளிரும். பனி அங்கே பெய்தால் கலா பிழைத்தாள். சற்றே சாய்த்தால் அங்கும் வெயில். அந்த உலகம் சாய்ந்திருக்கிறதா என்று யாரைக் கேட்பது?