ராக்கெட் காருக்கு வைத்த பொட்டு

விஜயதசமி, 1954
ராயபுரம்

நாங்கள் செய்துகொண்டிருக்கும் ராக்கெட் காரின் எரிபொருள் தொட்டி இன்று பட்டறையிலேயே வெடித்தது. வண்ணாரப்பேட்டையில் துணி வெளுக்கும் அதே பெராக்சைடுதான், வீரியம் மட்டும் பல மடங்கு. துளி அழுக்கு பட்டாலும் பொங்கிவிடும் என்பதால் தொட்டியை நானே கழுவியிருந்தேன். பிட்டர் முனுசாமி நேற்றுப் பூஜையில் அதன் வாய்க்குள்ளும் குங்குமம் வைத்திருக்கிறான். எரிபொருளை ஊற்றிய கையோடு, பூசணிக்காய் உடைக்காமல் வண்டியைத் தொடக்கூடாதென்று எல்லோரையும் தெருவுக்கு இழுத்துப்போனான். அப்போதுதான் வெடித்தது. உள்ளே யாரும் இல்லை.

"பொட்டு வெச்சது தப்பா பூட்ச்சா சார்?" என்றான்.

"தப்புதான்."

"அப்போ பூசணிக்கா ஒட்ச்சது?"

எங்கள் கூரைத் தகரம் எதிர்வீட்டு மாடியில் கிடந்தது. அடுத்த தடவை பூசணிக்காய் மட்டும் போதும் என்றேன்.